எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த பிரேக் பேட்? தொப்பூர், ஏற்காடு, ரேஸ் டிராக் மூன்றையும் வைத்து ஓர் ஒப்பீடு

பிரேக் பேட் மாற்ற ஸ்பேர்ஸ் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எது நல்லா பிடிக்கும்?" என்றுதான். ஆயிரம் கிலோவை ஒட்டிய காருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: எந்தச் சூட்டில் நல்லா பிடிக்கும்? ஒரு பேட் 80 டிகிரியில் மந்தமாக இருந்து 400 டிகிரியில் பிரமாதமாகப் பிடிக்கும். இன்னொன்று காலையில் முதல் பிரேக்கிலேயே நறுக்கென்று நிறுத்திவிட்டு, மலை இறங்கும்போது கைவிட்டுவிடும். எடை குறைந்த காரின் பிரேக் அன்றாட ஓட்டத்தில் பெரிதாகச் சூடேறுவதே இல்லை. அதனால் டிராக்குக்கென்று செய்த விலை உயர்ந்த பேடை மாட்டி, காரோடு வருகிற கம்பெனி பேட் நிறுத்தும் தூரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடி நிற்கிற கார்கள் உண்டு.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்படி ஒரு கார் வைத்திருப்பவருக்கு ஓட்டம் மூன்று வகை. ஓசூர் முதல் தொப்பூர் கணவாய் வரை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தினசரி ஓட்டம். விடுமுறையில் ஏற்காடு அல்லது பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதை. எப்போதாவது சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ கோவையிலோ டிராக் நாள், அதாவது ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டும் நாள். மூன்றும் பிரேக்கை மூன்று வெவ்வேறு சூட்டுக்குக் கொண்டுபோகின்றன. தேர்வு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சூட்டுக் கணக்கு

ஓட்டுபவரோடு சேர்த்து 1,000 கிலோ உள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்க, பிரேக் 386 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். அதில் சுமார் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்தால், ஒரு முன் டிஸ்க்குக்கு 135 கிலோஜூல். நாலரைக் கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் அதனால் 65 டிகிரி ஏறும். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் நிற்கிற காரை ஓட்டிப் போய் ஒரு முழு பிரேக் அடித்தாலும் டிஸ்க் 105 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஓசூரில் மார்கழிக் காலையில் அதற்கும் கீழே.

வேகம் ஏறினால் கணக்கு மாறும். 140இல் வெப்பம் 100இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சில இடங்களில் பலமாக பிரேக் அடிக்க வேண்டும், இடையில் ஆறுவதற்கு நேரம் போதாது. சில சுற்றுகளிலேயே டிஸ்க் 400, 500 டிகிரியைத் தொட்டுவிடும்.

மலை இறக்கம் வேறு மாதிரி. அதே 1,000 கிலோ கார் நூறு மீட்டர் உயரம் இறங்கினால் 981 கிலோஜூல், அதாவது 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டரை முறை நிற்பதற்குச் சமம். ஏற்காட்டிலிருந்து சேலம் பக்கம் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். முழுவதையும் பிரேக்கே தாங்கினால் இருபத்தைந்து முழு நிறுத்தங்களின் வெப்பம் அது. இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலிலோ நாலாவது கியரிலோ இறங்குகிறவருக்கு எந்த பேட் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.

எடை குறைவு என்பதால் எல்லாக் கார்களும் ஒன்றாகிவிடாது. லோட்டஸ் எலிஸ் 860 கிலோ சுற்றி எடை கொண்டது, நான்கு சக்கரத்திலும் 288 மில்லிமீட்டர் டிஸ்க். எடைக்குத் தாராளமான பிரேக் அது. டியூன் செய்த மாருதி ஸ்விஃப்ட்டும் கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனால் முன்னால் மட்டும்தான் டிஸ்க், பின்னால் டிரம். எலிஸில் பேட் சூடேறாமல் குளிர்ந்து கிடப்பது தொல்லை, ஸ்விஃப்ட்டில் டிராக்கில் சூடு மிஞ்சிப் போவது தொல்லை. வாங்குமுன் உங்கள் முன் டிஸ்க் ஒன்றைக் கழற்றித் தராசில் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் அந்த எண்ணைப் போட்டால் உங்கள் கார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

நான்கு வகை பேட்

*கம்பெனி பேடும் அதற்கு இணையானவையும்.* பிரேக்ஸ் இந்தியாவின் டிவிஎஸ் கேர்லிங், ரானே, பாஷ் போன்றவை இந்த வரிசை. குளிரில் நன்றாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கைத் தின்னாது. ஐரோப்பிய விதி 90இன்படி சான்று பெற்ற பேடாக இருந்தால் அதன் உராய்வு கம்பெனி பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாது. பேக்கிங்கிலும் பின் தகட்டிலும் வட்டத்துக்குள் ஒரு ஈ எழுத்தும், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். குறை, 300 டிகிரிக்கு மேல் போனதும் பேடின் பிசின் வெந்து வாயு கிளம்ப ஆரம்பிக்கும், பிடி தளரும்.

தொப்பூர் கணவாய்க்கு இது போதாது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பிரேக் இழப்பது சரக்கு ஏற்றிய லாரிகள். 900 கிலோ கார் அந்த இறக்கத்தில் சரியான கியரில் போனால் பிரேக் கொதிக்க வழியே இல்லை. அங்கே காருக்கு வேண்டியது, முன்னால் போகும் லாரி திடீரென்று குறுக்கே வந்தால் ஆறிக் கிடக்கும் பேட் முதல் மிதியிலேயே பிடிப்பது. ஒகேனக்கல் பாதையில் வளைவில் குரங்குக் கூட்டம் நிற்கும்போதும் அதேதான். இந்த வேலையில் கம்பெனி பேடை விஞ்சுவது சுலபமில்லை. கார் வேகமாக ஓடினாலும் டிராக் பக்கமே போகாதவர் புதிய கம்பெனி பேடும் புதிய பிரேக் ஆயிலும் போட்டுக்கொண்டு மிச்சப் பணத்தை நல்ல டயருக்குக் கொடுக்கலாம். நிறுத்தும் தூரத்தை அது அதிகம் குறைக்கும்.

*செராமிக் சாலை பேட்.* இபிசி ரெட்ஸ்டஃப் இந்த வகை. வீலில் கரி படியாது, கிரீச் சத்தம் வராது. எடை குறைந்த காரில் பிடி கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும், முதல் மிதியில் கம்பெனி பேடைவிட ஒரு படி பின்னால். அலாய் வீல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் வாங்கலாம். ஸ்போர்ட்ஸ் காருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

*வேகச் சாலை பேட்.* ஃபெரோடோ டிஎஸ் 2500, மின்டெக்ஸ் 1144, இபிசி யெல்லோஸ்டஃப் ஆகியவை இந்த வரிசையில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். இந்த வகையின் சிறப்பு இரண்டு முனையும் பிடிப்பது. டிஎஸ் 2500க்கு ஃபெரோடோ சொல்லும் சராசரி உராய்வு எண் (பேட் டிஸ்க்கை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு) 0.42, வேலை செய்யும் எல்லை 500 டிகிரி வரை. 0.42 பெரிய எண் இல்லைதான். எடை குறைந்த காருக்கு அதுவே நன்மை: சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்கிற எல்லை வரை பெடலைக் காலால் அளந்து மிதிக்க முடிகிறது. உராய்வு எண் 0.5ஐத் தாண்டிய பேடில் பெடலை லேசாகத் தொட்டாலே முன் சக்கரம் பூட்டப் பார்க்கும், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் அது ஆபத்து.

இவற்றின் குறையையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நகருக்குள் மெதுவாக நிற்கும்போது கிரீச்சிடும். கரித்தூளில் இரும்புத் துகள் கலந்திருக்கும், மழையில் நனைந்து அலாய் வீலில் துருப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும், வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் போகாது. டிஸ்க் கொஞ்சம் சீக்கிரம் தேயும். விலை கம்பெனி பேடைப் போலப் பல மடங்கு.

ஏற்காடும் நெடுஞ்சாலையும் வருடத்தில் இரண்டு மூன்று டிராக் நாளும் என்று ஓட்டுபவருக்கு எங்கள் தேர்வு இந்த வகைதான். இங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை போக இருநூறு கிலோமீட்டருக்குமேல் நெடுஞ்சாலை ஓட வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். மாட்டிய பேடோடே போய், டிராக்கில் ஓட்டி, அதே பேடோடே திரும்பலாம் என்பது கிருஷ்ணகிரிக்காரருக்குச் சின்ன விஷயம் இல்லை.

*டிராக் பேட்.* ஃபெரோடோ டிஎஸ் 1.11, பாகிட் ஆர்எஸ் 29 போன்றவை. 600 டிகிரிக்கு மேலும் தளராது. ஆனால் ஆறிய நிலையில் பிடி குறைவு, டிஸ்க்கை உப்புத்தாள் போலத் தேய்க்கும். தேய்மானம் காட்டிச் சத்தம் போடும் தகடும் பலவற்றில் இருக்காது. முதல் கணக்கை மறுபடி பாருங்கள்: சாலையில் ஒரு முழு நிறுத்தத்துக்கு 65 டிகிரிதான் ஏறுகிறது. டிராக் பேட் விழித்துக்கொள்வதற்குள் முன்னால் இருக்கும் லாரியின் பம்பர் வந்துவிடும். இதை வாங்குவதானால் டிராக்கில் போய்த்தான் மாட்ட வேண்டும், கிளம்புமுன் கழற்ற வேண்டும். இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை.

இரண்டு எழுத்துக் குறியீட்டை நம்பித் தேர்வு செய்யாதீர்கள்

பேடின் விளிம்பில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும். எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஜே866 முறைப்படி முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு, இரண்டாவது உயர் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. கடைக்காரர்கள் ஜியைக் காட்டி எஃப்பைவிட உயர்ந்தது என்று விற்பார்கள். இந்தச் சோதனை 343 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே என்ன ஆகும் என்பதைப் பற்றி எழுத்து எதுவும் சொல்வதில்லை. கம்பெனி பேடும் எஃப்எஃப் ஆக இருக்கலாம், டிராக் பேடும் எஃப்எஃப் ஆக இருக்கலாம். தயாரிப்பாளர் வெளியிடும் உராய்வு–வெப்பநிலை வரைபடத்தைப் பாருங்கள். 50 டிகிரியில் கோடு எங்கே தொடங்குகிறது, எந்த டிகிரியில் கீழே சாய்கிறது, நடுவில் எவ்வளவு சமமாக ஓடுகிறது, இந்த மூன்றும் போதும். வரைபடமே வெளியிடாத பேடை எடை குறைந்த காருக்கு வாங்க வேண்டாம்.

பேடுக்கு முன்னால் ஆயில்

"மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கல" என்று வருகிற கார்களில் பெடல் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து கார் நிற்கவில்லை என்றால் பேட் வெந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போயிருந்தால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் விழுந்திருக்கிறது. இரண்டாவதற்குப் பேட் மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். புது பேட் கூடுதல் சூட்டைத் தாங்கும், அந்தச் சூடு பேடைத் தள்ளும் பிஸ்டன் வழியாக அதே பழைய ஆயிலுக்குத்தான் போகும்.

பிரேக் ஆயிலின் தரத்தை டாட் என்ற குறியீட்டால் சொல்வார்கள். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155. டாட் 5.1க்கு 260, 180. டிராக்குக்கு மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரியான ஆயில், புதிதில் 312 டிகிரி. டாட் 5 என்பது சிலிகான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பழையதை முழுதாக வெளியேற்றி ஏர் எடுக்க ஒரு லிட்டர் வாங்கினால் போதும். சாலை ஓட்டத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, டிராக் போகிறவர் ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் மாற்ற வேண்டும். திறந்து வைத்த பாதி டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

முன்னும் பின்னும்

முன்னால் மட்டும் உயர் உராய்வு பேட் போட்டால் பிரேக் சமநிலை முன்னால் சாயும். முன் சக்கரம் சீக்கிரம் பூட்டும், பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். ஏபிஎஸ்ஸோடு வரும் இபிடி (முன்னும் பின்னும் பிரேக் விசையைப் பங்கிடும் அமைப்பு) பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. பின்னால் மட்டும் உயர்ந்த பேட் போடுவது அதைவிடக் கெட்டது. ஈரச் சாலையில் வளைவில் பிரேக் மிதித்தால் வால் சுற்றும். பலேனோ ஆர்எஸ் போல நான்கு டிஸ்க்கும் உள்ள காரில் முன்னும் பின்னும் ஒரே வரிசை பேட் போடுங்கள். பின்னால் டிரம் உள்ள காரில் முன் பேடை 0.42 சுற்றிலேயே நிறுத்திக்கொண்டு, பின் பிரேக் ஷூவின் இடைவெளியைச் சரியாக வைத்தாலே போதும். டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், பெடல் கூடுதல் தூரம் இறங்கும். மலை இறங்கியதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தாதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

மாட்டும்போது

கார் பெயரை மட்டும் சொல்லி இறக்குமதி பேடை ஆர்டர் செய்தால் சேராமல் போகிற வாய்ப்பு அதிகம். ஒரே பெயரில் விற்கிற காருக்கு நாட்டுக்கு நாடு காலிப்பர் (பேடைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மாறும். பழைய பேடைக் கழற்றி, பின் தகட்டின் நீளம், உயரம், மொத்தத் தடிமன், காதின் வடிவம் ஆகியவற்றை வெர்னியரில் அளந்து, தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள்.

பழைய பேடைத் தூக்கிப் போடுமுன் கையில் எடுத்துப் பாருங்கள். உள் பேடும் வெளி பேடும் தடிமனில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் சூடு மிஞ்சிப் போய் மேல்தோல் கெட்டியாகிவிட்டது. விளிம்பு சாம்பல் நிறமாகி உதிர்ந்தால் அந்த பேட் தன் எல்லையைத் தாண்டி வேலை செய்திருக்கிறது, அடுத்த வகைக்குப் போக அதுதான் உண்மையான காரணம். இந்த அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் மேல் வகை பேட் உங்களுக்குத் தேவைப்படவில்லை என்று பொருள்.

ஸ்லைடு பின்னைத் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் பூட்டை ஊத வைத்துவிடும். பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் ஆயில் டேங்கில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், வழிந்தால் பெயின்ட்டை அரிக்கும். பிரேக் தூசியை ஏர் பிடித்து ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கடைவதில் அர்த்தமில்லை, புதிது போடுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் பழைய பேட் அதன்மேல் விட்டுச்சென்ற மெல்லிய படலம் போகும்படி 120 நம்பர் தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். ஒரு பேடின் படலத்தின் மேல் வேறு வகைப் பேட் சரியாக உட்காராது.

டிராக்கில் காற்றுப் போக வேண்டுமென்று டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டைச் சிலர் கழற்றிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடும் காருக்கு அதைத் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். கல்துகள் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிக்கினால் டிஸ்க்கில் வட்டக் கோடு கிழித்துவிடும்.

புது பேடைப் பதப்படுத்த, விடியற்காலையில் பின்னால் வண்டி வராத நேரான சாலை வேண்டும். நெடுஞ்சாலையில் செய்யக் கூடாது. 60இலிருந்து 15 வரை மிதமாக, பத்து முறை. பிறகு 90இலிருந்து 20 வரை பலமாக, ஐந்தாறு முறை. ஒருமுறையும் முழுதாக நிறுத்த வேண்டாம். சூடான பேட் ஒரே இடத்தில் டிஸ்க்கை அழுத்தி நின்றால் அந்த அளவுக்குப் படலம் பதிந்து, பின்னால் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் அதிரும். பலரும் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் படலம்தான். நடுவில் ஒரு கருகல் வாடை வரும், பயப்பட வேண்டாம். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள்.

டிராக் நாளில் அளப்பது

டிஸ்க்கின் விளிம்பில் மூன்று வெப்பப் பெயின்ட் புள்ளி வையுங்கள். பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560இல், சிவப்பு 610இல். பச்சை மட்டும் மாறினால் வேகச் சாலை பேட் போதும். ஆரஞ்சும் மாறினால் டிராக் பேடுக்கு நேரம் வந்துவிட்டது. சிவப்பும் மாறினால் பேடால் தீராது, காற்றுக் குழாயோ பெரிய டிஸ்க்கோ வேண்டும். லேசர் துப்பாக்கி வெப்பமானி பளபளப்பான டிஸ்க்கில் குறைத்துக் காட்டும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சாலைக்கு 3 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது பேட் மாற்றலாம். டிராக்குக்குப் பாதி தேய்ந்ததுமே மாற்றுங்கள், மெல்லிய பேட் சூட்டைத் தடுக்காமல் பிஸ்டனுக்குக் கடத்திவிடும். கழற்றுகிற பேடின் பின் தகட்டில் மார்க்கரால் இடது, வலது, உள், வெளி என்று எழுதி டிக்கியில் வையுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் மாட்டினால் டிஸ்க்கின் மேடு பள்ளத்தோடு பேட் உடனே பொருந்தும்.